பெட்டி இருக்கிறது, சாவிதான் இல்லை

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டி ஒன்று மூன்று மாதமாக என் மேசைக்குக் கீழே கிடக்கிறது. உள்ளே ஆறு விஎச்எஸ் ஒளிநாடாக்கள், வீடியோ கேமராவில் போடும் பதினொரு மினிடிவி நாடாக்கள், செருப்புப் பெட்டி நிறைய ஒலிநாடாக்கள், ‘படங்கள் – முக்கியம்’ என்று மட்டும் பேனாவால் கிறுக்கிய ஒன்பது சிடிக்கள், ஃபிளாப்பி போன்ற ஒரு ஜிப் டிஸ்க், இன்றைய கணினி எதிலும் செருக முடியாத பட்டை ஒயர் கேட்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். எதுவும் உடையவில்லை, பூஞ்சை பிடிக்கவில்லை. ஆனாலும் அப்பா ஒரு கேசட்டில் அரை மணி நேரம் பேசியிருப்பதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியபோது கேட்க முடியவில்லை. கேசட் கையில் இருந்தது. ஓட்டுவதற்குத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை.

நாடா சாவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவி செத்துவிடுகிறது. 1976இல் வந்த விஎச்எஸ்ஸுக்குக் கடைசிவரை கருவி செய்துகொண்டிருந்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். அதுவும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. விஎச்எஸ்ஸோடு போட்டியிட்ட பீட்டாமேக்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. கருவி தயாரிப்பை சோனி 2002இல் நிறுத்திவிட்டது, நாடாவை மட்டும் 2016 மார்ச் வரை விற்றுக்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனம் எழுதக்கூடிய புளூ-ரே தட்டு, மினிடிவி நாடா, மினிடிஸ்க் மூன்றையும் ஒரே மூச்சில் கைவிட்டது.

அதனால் ‘எது அதிக நாள் உழைக்கும்’ என்ற கேள்வியில் எனக்கு இப்போது பெரிய ஆர்வம் இல்லை. அட்டையில் அச்சிட்டிருக்கும் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு எல்லாம் அந்தப் பொருளின் ஆயுள். அதைப் படிக்கும் கருவியின் ஆயுளைப் பற்றி எந்த அட்டையும் பேசாது. நான் கேட்பது வேறு: இதில் ஏறிய பிறகு இறங்குவது எவ்வளவு சுலபம்? வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் கதவின் உறுதியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவதில்லை. காலி செய்யும் நாளில் பீரோ படியில் இறங்குமா என்றும் பார்ப்பார். கீழே ஒவ்வொரு வழியையும் அந்தப் படிக்கட்டை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

எதை முதலில் எடுப்பது

பெட்டியில் இருப்பவை எல்லாம் ஒரே வேகத்தில் அழிவதில்லை. காந்த நாடாக்கள்தான் முதலில் போகும். காந்தத் துகள்களை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. கருவிகளும் உதிரிப் பாகங்களும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதே சமயத்தில் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே இதற்கு ‘2025’ என்று கெடு குறித்து எச்சரித்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது. அன்று நள்ளிரவில் எல்லா நாடாக்களும் ஊமையாகிவிடவில்லைதான், ஆனால் இனி ஒவ்வோர் ஆண்டும் இந்த வேலை முந்தைய ஆண்டைவிடக் கடினமாகும்.

நெகட்டிவ்களும் ஸ்லைடுகளும் காத்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதில் இருப்பது யார் என்று வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்கு வேண்டிய கருவி சூரியன். கொடாக்குரோம் ஃபிலிமைக் கழுவும் கடைசி ஆய்வகம் 2010 டிசம்பர் 30ஆம் தேதியோடு புதிய சுருள்களை வாங்குவதை நிறுத்திவிட்டது, ஆனால் அதற்கு முன் கழுவிய ஸ்லைடுகளை இன்றும் எந்த ஸ்கேனரிலும் வைக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி வந்தால், படத்தைத் தாங்கும் அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சுருளைத் தனியே பிரித்து, வரிசையில் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

நாடாக்களுக்குள்ளும் வரிசை உண்டு. விஎச்எஸ் தேயத் தேயப் படம் மங்கும், கோடு விழும், நிறம் வழியும். ஆனாலும் முகம் தெரியும். மினிடிவி அப்படி இல்லை. அது டிஜிட்டல் பதிவு. நல்லபடியாக ஓடினால் ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி கோப்பாக, எள்ளளவும் தரம் குறையாமல் கணினிக்கு வந்துவிடும். ஓடாவிட்டால் சதுரம் சதுரமாகப் படம் காணாமல் போகும். இதில் இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. மினிடிவி கேமராக்கள் கணினியோடு பேசும் மொழி ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு. அதைப் பிரபலமாக்கிய ஆப்பிளே 2025இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது. ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி ஒன்று உங்களிடமோ தெரிந்தவரிடமோ இருந்தால், அதன் இயங்குதளத்தைப் புதுப்பிக்காமல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். என் வரிசை இப்படித்தான் அமைந்தது: முதலில் மினிடிவி, அடுத்து ஒலிநாடா, பிறகு விஎச்எஸ், பிறகு சிடிக்கள், கடைசியில் நெகட்டிவ்கள்.

நாமே செய்வதா, கொடுத்துச் செய்வதா

இதில் என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒருமுறை சூடுபட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு விஎச்எஸ் நாடாக்களை மாற்றித் தரக் கொடுத்தேன். திரும்பி வந்தது நான்கு டிவிடிக்கள், அட்டையில் பூ வரைந்து. மூலத்தின் ஒலியைப் பல இடங்களில் தணித்துவிட்டுப் பின்னணி இசை சேர்த்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் ஓர் இடம் இருந்தது, எனக்கு வேண்டியது அதுதான். அங்கே புல்லாங்குழல் ஒலிக்கிறது.

இருந்தாலும் கொடுத்துச் செய்வது தவறு என்று சொல்லமாட்டேன். விஎச்எஸ்ஸை நன்றாக எடுப்பதற்கு நல்ல நிலையில் உள்ள டெக் (நாடாவை ஓட்டும் கருவி), ஆடும் படத்தை நிலைநிறுத்தும் ‘டைம் பேஸ் கரெக்டர்’, படத்தைக் கணினிக்குள் எடுக்கும் தரமான கேப்சர் அட்டை ஆகியவை வேண்டும். அட்டைக்குப் பதிலாக மலிவான யுஎஸ்பி குச்சிகளும் கிடைக்கின்றன. ஆனால் நாடாவின் சிக்னல் சற்று நொண்டினாலே அவை சட்டகங்களை விழுங்கிவிடும், பத்தாவது நிமிடத்திலிருந்து உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாகப் போகும். மேலும் ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்; இதில் குறுக்கு வழி கிடையாது. ஆறு நாடாவுக்காக இத்தனை கருவிகளைத் தேடி அலைவது வீண். ஐம்பது நாடா இருந்தால் கணக்கு மாறும். கருவி வாங்கி, வேலையை முடித்து, அடுத்தவருக்கு விற்றுவிடலாம்.

கொடுப்பதானால் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுங்கள். டிவிடி வேண்டாம், கோப்பு வேண்டும். வெட்டு, ஒட்டு, இசை, ‘அழகுபடுத்தல்’ எதுவும் வேண்டாம். பழைய ஒளிநாடாவின் படம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறிப் பதிவானது. அந்த அமைப்பை அப்படியே விட்டு முதல் கோப்பைத் தரச் சொல்லுங்கள், அதைக் குழைத்து ஒன்றாக்குவதைப் பிறகு நாமே செய்துகொள்ளலாம். முதலில் ஒரே ஒரு நாடாவை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இதற்கு மறுப்புச் சொல்லும் இடத்துக்கு மீதியைக் கொடுக்கத் தேவையில்லை.

ஒலிநாடாவை வீட்டிலேயே செய்யலாம். கேசட் பிளேயரின் ஹெட்போன் துளையைவிட, டெக்கின் பின்புறம் உள்ள லைன் வெளியீடு நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்பது பேச்சுக்குத் தாராளம். குரல் கம்பளி போர்த்தியதுபோல் கேட்டால் நாடா தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு, பதிவு செய்த கருவியின் சாய்வோடு பொருந்தாமல் இருக்கலாம். அதன் பக்கத்தில் உள்ள சிறு திருகை முடியளவு திருப்பினால் குரல் பளிச்சென்று திறந்துகொள்ளும். நான் இந்த ஒரு திருகைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் வீணாக்கினேன்.

எந்த நாடாவையும் கருவிக்குள் தள்ளுவதற்கு முன் மேல் பதிவைத் தடுக்கும் காதை உடைத்துவிடுங்கள், மினிடிவியில் அது தள்ளும் பொத்தானாக இருக்கும். தவறான பொத்தானை ஒரு நொடி அழுத்தினாலும் அந்த ஒரு நொடி போனதுதான். ஓடும்போது கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள். பூஞ்சை படிந்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் போட்டால் அது தானும் கெட்டுக் கருவியையும் கெடுக்கும்.

தட்டுகள்

இனி எதில் வைப்பது என்ற கேள்வி. சிடி, டிவிடி பற்றிப் பலருக்கும் இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது. ‘எழுதிவிட்டால் நின்றுவிட்டது’ என்ற நினைப்பு. வீட்டில் எழுதும் சிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலிலும் வெப்பத்திலும் சாயம் வெளுக்கும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: சிடியில் பிரதிபலிப்பு அடுக்கு பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில் இருக்கிறது. பளபளப்பான அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மேல்பக்கத்தில் முனை கூர்மையான பேனாவால் எழுதியவர்களில் நானும் ஒருவன். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த விஷயத்தில் அது மேல்.

பழைய சிடி ஒரு டிரைவில் படியாவிட்டால் இன்னொரு டிரைவில் முயன்று பாருங்கள். ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒருவிதம். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் போகும். என் ஒன்பது சிடிக்களில் ஏழு அப்படித்தான் முழுமையாக வந்தன. ஒன்றில் பாதி வந்தது, ஒன்றில் எதுவும் வரவில்லை.

புதிதாகத் தட்டில் எழுதுவதானால் பேச வேண்டியது எம்-டிஸ்க் மட்டும். இதில் சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற கனிம அடுக்கில் லேசர் குழி பறிக்கிறது; தயாரித்தவர்கள் ஆயிரம் ஆண்டு என்று சொன்னார்கள். ஆயிரமோ இருநூறோ, அது என் கவலை இல்லை. ஒரு டெராபைட் வைத்திருப்பவருக்கு 25 ஜிபி தட்டுகள் நாற்பது வேண்டும். நாற்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் நாளில் டிரைவ் கிடைக்க வேண்டும். மடிக்கணினிகளிலிருந்து டிரைவ் மறைந்து நாளாகிவிட்டது. படிக்கட்டுக் கேள்வியில் தட்டு தோற்றுப்போகிறது.

ஆனால் அதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு, மற்ற எதற்கும் இல்லாதது: எழுதியதை அழிக்க முடியாது. தவறிப்போய் ‘அழி’ என்று சொன்னாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் வந்தாலும் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே மொத்தச் சேகரிப்புக்கு வேண்டாம்; பொறுக்கியெடுத்த ஐம்பது ஜிபிக்கு, கூடுதல் காப்பாக, சரி.

பென் டிரைவ், எஸ்எஸ்டி

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் சில்லுக்குள் மின்னூட்டமாகச் சிறைப்பட்டிருக்கிறது, அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுதும் தீர்த்துவிட்ட வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரமே இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும் என்பதே தொழில்துறையின் தரநிலை. புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு தாங்கும். என்றாலும் இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவதற்கான பொருள் அது இல்லை. வேலை செய்ய, எடுத்துச் செல்ல மட்டும். மெமரி கார்டில் பத்தாண்டுப் படங்களைப் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு வரலாம்.

ஹார்ட் டிஸ்க்

கேவலமாகத் திட்டு வாங்கும் பொருள், ஆனால் என் கணக்கில் வெல்வது இதுதான். அசையும் பாகங்கள் உள்ளது. கீழே விழுந்தால் போச்சு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒருநாள் சுழல மறுக்கும். இத்தனையும் உண்மை. ஆனால் படிக்கட்டைப் பாருங்கள். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒரு டெராபைட் முழுவதையும் இரண்டு மணி நேரத்துக்குள் வேறொன்றுக்கு மாற்றிவிடலாம். எந்தக் கணினியிலும் செருகலாம். யுஎஸ்பி இணைப்பு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது, முனையின் வடிவம் மாறினாலும் ஒரு சிறு மாற்றி போதும்.

ஹார்ட் டிஸ்க்கை அலமாரி என்று நினைப்பதில்தான் பிழை. அது சத்திரம். நான்கைந்து ஆண்டு தங்கிவிட்டு, அது நன்றாக இருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி வட்டுகள் ஒரே நோயில் சாக வாய்ப்பு அதிகம். ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு கூரையின் கீழ். சில மாதங்களுக்கு ஒருமுறை மின்சாரம் கொடுத்து ஓடவிட வேண்டும்.

இரண்டு வட்டுகளை ஒரே பெட்டியில் வைத்துத் தானாக நகலெடுக்கும் ‘ரெய்டு’ அமைப்பைக் காப்புப் பிரதி என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு வட்டு செத்தால் அது காக்கும். நீங்கள் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலிருந்தும் மிகுந்த விசுவாசத்தோடு அழிக்கும்.

பெரிய காப்பகங்கள் பயன்படுத்தும் எல்டிஓ எனும் கணினி நாடா நம்மில் சிலருக்கு ஆசை காட்டும். ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டெராபைட் போகும், நாடாவும் முப்பது ஆண்டு நிற்கும் என்கிறார்கள். ஓட்டும் டிரைவின் விலை வீட்டுக்கு உகந்ததல்ல. அதைவிட முக்கியம்: எல்டிஓ-7 டிரைவ்வரை இரண்டு தலைமுறை பின்னே உள்ள நாடாக்களைப் படித்தன, எல்டிஓ-8 ஒரு தலைமுறை மட்டுமே பின்னே போகும். நாடாவிலிருந்து தப்பி நாடாவிலேயே விழ எனக்கு மனமில்லை.

மேகம்

இணையத்தில் ஏற்றிவைக்கும் மேகச் சேமிப்பைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது, மற்றொன்று ‘அடுத்தவன் கணினி’ என்று சொல்லி விலகுகிறது. எனக்கு இரண்டும் ஒப்பில்லை.

தீ, வெள்ளம், திருட்டு என்ற மூன்றுக்கும் வீட்டில் வைத்திருக்கும் எந்தப் பொருளும் பதில் சொல்லாது, மேகம் சொல்லும். அந்த நிறுவனங்கள் ஒவ்வொரு கோப்பையும் பல நகலாக வைத்து, செத்த வட்டை மாற்றி, தொடர்ந்து சரிபார்க்கின்றன. நம்மில் யாரும் அந்தச் சிரத்தையோடு செய்யப்போவதில்லை. தொழில்நுட்பத்தில் குறை இல்லை. நிறுவனத்தின் மனம் மாறுவதுதான் ஆபத்து. இணையப் பக்கங்களுக்கு இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம் என்று எல்லை வகுத்தது. சமூகத் தளமான மைஸ்பேஸ் 2019இல், அதற்கு மூன்று ஆண்டு முன்புவரை ஏற்றப்பட்ட படங்களும் பாடல்களும் இடமாற்றத்தின்போது தொலைந்திருக்கலாம் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துக்கொண்டது. கூகுள் போட்டோஸின் எல்லையில்லா இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு தீர்ந்தது. அமேசான் டிரைவ் 2023இன் கடைசி நாளில் கதவடைத்தது.

இவற்றில் பெரும்பாலானவை முன்னறிவிப்போடுதான் நடந்தன. ஆனால் அறிவிப்பு வரும் மின்னஞ்சலைப் படிக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்பது 2023இல் கூகுள் அறிவித்த விதி. படம் சேர்த்தவர் போய்ச் சேர்ந்த பிறகு, கடவுச்சொல் தெரியாத பிள்ளைகள் துக்கம் ஆறி அதைப் பற்றி நினைக்கவே இரண்டு ஆண்டு ஆகிவிடும். கூகுளில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’, ஆப்பிளில் 2021 முதல் ‘மரபுத் தொடர்பு’ என்று இதற்கான அமைப்புகள் இருக்கின்றன. பத்து நிமிட வேலை. மேகத்தைத் தேர்ந்தெடுப்பவர் இன்றே செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

இறங்கும் வழி எப்படி? வாய் அகலமாகவே இருக்கும், கழுத்து குறுகல். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் ஒரு டெராபைட் ஏற்ற நாலரை நாளுக்கு மேல் ஆகும்; அது முடிந்துவிடும். இறக்கும்போது தெரியும் சங்கதி. கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக எடுத்தால், நாம் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு போன்றவை படத்துக்குள் வராமல் பக்கத்தில் தனித்தனிச் சிறு கோப்புகளாக வந்து குவியும்; ஆல்பம் அடுக்கிய உழைப்பு உதிரியாகிவிடும். எனவே ஏற்றுவதற்கு முன்பே பெயரும் தேதியும் கோப்பிலேயே இருக்குமாறு செய்துவிடுவது உத்தமம். ‘இடத்தை மிச்சப்படுத்து’ என்று கேட்கும் சுருக்கத் தெரிவை மறுத்துவிடுங்கள். சாதனத்தோடு ஒத்திசைக்கும் சேவையும் காப்புப் பிரதியும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும்: போனில் அழித்தால் மேகத்திலும் அழியும் வகைகள் பல.

மூன்றாவது நகலாக மேகம் மிக நல்லது. ஒரே நகலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கோப்பின் வடிவம்: பாதி பயம் தேவையற்றது

நாளைக்கு ஜேபெக் திறக்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஜேபெக் தரநிலை 1992இல் வந்தது. கொடாக் நிறுவனம் படங்களைத் தட்டில் ஏற்றித் தரும் போட்டோ சிடியை அறிமுகப்படுத்தியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். இன்று ஜேபெக் எந்தப் போனிலும் திறக்கிறது, போட்டோ சிடியின் கோப்பைத் திறக்க மென்பொருள் தேடி அலைய வேண்டும். தரத்தில் போட்டோ சிடி தாழ்ந்ததல்ல. ஒன்றின் இலக்கணம் ஊரறிந்தது, மற்றொன்றின் இலக்கணத்தை ஒரு நிறுவனம் மடியில் கட்டிக்கொண்டிருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஊரறிந்த வடிவத்தில் இருக்கும்வரை கோப்பு சாவது அரிது. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூல மென்பொருள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய வீடியோ வடிவங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டே வருகிறது. உலாவிகளிலிருந்து ஃபிளாஷ் விரட்டப்பட்ட பிறகும் ஃபிளாஷ் வீடியோ கோப்புகள் சாதாரண பிளேயர்களில் ஓடுகின்றன. அழிவது பெரும்பாலும் கோப்பைச் சுமந்த பொருள்தான். இதனால்தான் வடிவத்தைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. ஒலிக்கு வேவ் அல்லது ஃபிளாக். ஸ்கேன் செய்த நெகட்டிவுக்கு டிஃப். பேப்பர் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்த உயர்தர ஜேபெக் போதும். விஎச்எஸ்ஸின் மூலக்கோப்புக்குக் காப்பகங்கள் விரும்புவது எம்கேவி கோப்புக்குள் எஃப்எஃப்வி1 எனும் சுருக்க முறை. இழப்பே இல்லாதது, ஆனால் மணிக்குப் பல பத்து ஜிபி விழுங்கும். இடம் இல்லையென்றால் தாராள பிட் வீதத்தில் எச்.264 எனும் பரவலான சுருக்க முறை, யாரும் குறை சொல்லமாட்டார்கள். மினிடிவியை மட்டும் வந்தபடியே வையுங்கள். மறுபடி சுருக்க வேண்டாம். புதிய போன்களின் ஹெய்க் படங்களை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கோப்புப் பெயரில் கஞ்சத்தனம் கூடாது. ‘1994-05 மொட்டை மாடி, பாட்டியும் பெரியம்மாவும்’ என்று எழுதிய கோப்புறை எந்த மென்பொருள் செத்தாலும் பேசும். ஆல்பம் செயலிக்குள் முகத்துக்கு முகம் ஒட்டிய பெயர்கள் அந்தச் செயலியோடு போய்விடலாம். முகங்களை அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஸ்கேனருக்கு முன்னால் அவர்களை உட்காரவையுங்கள். நாடாவைவிட அவர்களுக்குத்தான் அவசரம். குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதையே நகல் என்று எண்ணிவிடாதீர்கள்: அது சுருங்கியது, எடுத்த நாளும் இடமும் உதிர்ந்தது.

இன்னொரு சிறு பழக்கம். ஒவ்வொரு கோப்புக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கும் எஸ்எச்ஏ-256 எனும் கைரேகை எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக அதே வட்டில் போட்டுவைத்தால், அடுத்த வட்டுக்கு மாற்றும்போது ஏதாவது ஒரு பிட் புரண்டிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இதை இலவசமாகச் செய்யும் கருவிகள் எல்லா இயங்குதளத்திலும் உண்டு. சலிப்பான வேலைதான், ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

நான் எடுத்த முடிவு

புகைப்படக்காரர்கள் மத்தியில் பரவிய ‘3-2-1’ விதி உண்டு: மூன்று நகல், இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறிடத்தில். அதன்படியே போனேன். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வீட்டில், ஒன்று தங்கையின் வீட்டில், சந்திக்கும்போது மாற்றிக்கொள்கிறோம். மூன்றாவது, கட்டணம் செலுத்தும் மேகம். கடவுச்சொல் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது. வட்டுகளை நான் மறைகுறியாக்கவில்லை. கல்யாணப் படத்தைத் திருடுகிறவனைவிட, சாவி தெரியாமல் தவிக்கப்போகும் பேரப்பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மற்றவர் நிலைமை வேறாக இருக்கலாம். இருநூறு படங்களை மட்டும் நல்ல தாளில் அச்சிட்டு வைத்தேன். எந்த அமைப்பும் நான் பராமரிப்பதை நிறுத்திய மறுநாளிலிருந்து தேயத் தொடங்கும், தாள் மட்டும் யாரும் தொடாமலே சும்மா கிடக்கும்.

மாற்றி முடித்த பிறகு மூலத்தைத் தூக்கிப் போடலாமா என்பது மிஞ்சியது. இதற்கு ஒரே பதில் கிடையாது. முழுமையாக வந்த சிடிக்களின் கைரேகை வட்டில் உள்ள நகலோடு பொருந்திவிட்டதால் அவற்றை உடைத்துப் போட்டேன். பிழையில்லாமல் இறங்கிய மினிடிவியும் அப்படித்தான். நாடாவில் இல்லாத எதுவும் கோப்பில் இல்லை, கோப்பில் இல்லாத எதுவும் நாடாவில் இல்லை. ஆனால் அனலாக் நாடாவில் நாம் எடுத்துக்கொண்டது, அன்று நம் கருவிக்கு எட்டிய அளவு மட்டுமே.

1966, 67ஆம் ஆண்டுகளில் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் கலங்கள் நிலவைச் சுற்றி அனுப்பிய படங்கள் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 கருவிகளின் காந்த நாடாக்களில் பதிவாகின. அன்று உலகம் பார்த்தவை கோடு கோடாக, சாயல் இழந்த அச்சுகள். நாசாவின் ஆவணக் காப்பாளர் நான்சி எவன்ஸ் நாடாக்களை எறிய விடவில்லை. பயனற்றவை என்று கழித்த அந்த ஆம்பெக்ஸ் கருவிகளையும் தன் வீட்டுக் கொட்டகையில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். 2008இல் ஒரு சிறு குழு அவற்றைப் பழுது பார்த்து ஓட்டியபோது, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி நிற்கும் 1966ஆம் ஆண்டுப் படம், முதன்முதலில் வெளியானபோது இருந்ததைவிடப் பன்மடங்கு தெளிவோடு வெளிவந்தது. வீட்டு விஎச்எஸ்ஸுக்கும் இப்போது அதே வழியில் ஒரு முயற்சி நடக்கிறது: டெக்கின் ஹெட் பிடிக்கும் சிக்னலை நேராக எடுத்துக் கணினியிலேயே படமாக்கும் திறந்த மூல மென்பொருள். சாதாரண கேப்சரில் வராத விவரம் அதில் வருகிறது.

அதனால் ஆறு விஎச்எஸ் நாடாக்களும் ஒலிநாடாக்களும் மறுபடி பரணுக்குப் போகின்றன, இந்த முறை படுக்கவைக்காமல் நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. கேசட் டெக்கும், தேடிப் பிடித்து வாங்கிய விஎச்எஸ் டெக்கும், அவற்றின் ஒயர்களும் அதே பெட்டியிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன.